சுண்ணாம்பு தடவிய சில்லு

செய்தி வந்தபோது நான் கிணற்றடியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். மருமகன் கணேஸ் கடற்கரையிலிருந்து ஃபோன் எடுத்தார். "மாமி, செபமாலை பாஸ் போயிட்டார். விடிய முகம் கழுவப் போனவராம், அப்பிடியே கதிரையில இருந்திட்டாராம்" என்றார். நான் உடனே அழவில்லை. "அந்த மனிசன் எனக்கு ஒரு சொல்லுக்குப் பதில் சொல்லக் கிடக்கு. அதைச் சொல்லாமல் எப்பிடிப் போவார்?" என்று கேட்டேன். ஃபோனுக்குள் அலை இரைந்தது. பிறகு கணேஸ், எனக்கு விளங்கவில்லை என்று நினைத்தவர் போல, "மாமி, ஆள் செத்துப்போச்சு" என்றார்.

எனக்கு விளங்கத்தான் செய்தது. மீனை மூடி வைத்தேன், கையைக் கழுவினேன், சேலையை மாற்றிக்கொண்டு போனேன்.

அவருடைய மகள் முப்பத்தோராம் நாளுக்கு நினைவு மலர் அடிக்கிறோம் என்று வந்து கேட்டாள். "அன்ரி, நீங்களும் அப்பாவைப் பற்றி நல்லதா நாலு வசனம் எழுதித் தாங்கோ." நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். நல்லதாக நாலு வசனம் எழுத எனக்குத் தெரியாது. நடந்ததை நடந்த மாதிரி எழுதத் தெரியும், ஏனென்றால் நான் ஒன்றையும் மறக்கிற ஆள் இல்லை. அவரோடு பழகிய உங்களுக்கு இதில் பாதி தெரிந்திருக்கும். வெளிநாட்டிலிருந்து வாசிக்கிற சொந்தக்காரருக்காகவும் சேர்த்தே சொல்கிறேன்.

முதலில் ஒன்று. செபமாலை பாஸ் பணிவான மனிதர் என்று இந்த மலரில் யாராவது எழுதியிருந்தால் அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடுங்கள். அன்புவழிபுரத்தில் வண்டி திருத்தும் பாஸாக அவர் நடத்திய கராஜுக்குப் போனவர் எல்லாரும் இதைக் கேட்டிருப்பீர்கள்: "திருகோணமலையில ஜீப் தெரிஞ்ச ஆக்கள் ரெண்டே ரெண்டு பேர். ஒண்டு நான். மற்றவர் செத்துப்போனார்." அந்த மற்றவர் யார் என்று கேட்டால் ஒருநாளும் சொல்லமாட்டார். மீசைக்கு மை பூசுவார். கராஜிலும் வெள்ளைச் சேட்டுத்தான். ஜீப்புக்குக் கீழே படுக்கும்போது அதைக் கழற்றி மதில் ஆணியில் மாட்டுவார், எழும்பியதும் திரும்பப் போடுவார். வந்தவர் எவ்வளவு அவசரத்தில் நின்றாலும் சேட்டுப் போட்டு, பட்டன் பூட்டிய பிறகுதான் வாய் திறப்பார்.

எனக்கும் அவருக்கும் நடுவில் கிடந்தது ஒரு சொல். என் மகள் வசந்தியின் கலியாண நாள். என் வீட்டுக்காரர் தன் ஜீப்பைக் கழுவி மாவிலை கட்டி மண்டப வாசலில் நிறுத்தியிருந்தார். நீளமான பழைய ஜீப். பின்பக்கக் கன்வஸ் உக்கிப்போனபின் அவரே கம்பிவலை வெட்டிச் சுற்றிவர அடித்திருந்தார். மீன்பெட்டிக்குக் காற்றுப் படவேண்டும், காகம் வாய் வைக்கக்கூடாது, அதற்காகத் தானே யோசித்துச் செய்தது. அதில் அவருக்குப் பெரிய பெருமை. செபமாலை பாஸ் சோடாப் போத்தலோடு வாசலுக்கு வந்தார். ஜீப்பை ஒரு சுற்றுச் சுற்றினார். மாப்பிள்ளை வீட்டார் முழுப்பேரும் நிற்கிறார்கள். "என்ன காணும், இது ஜீப்போ கோழிக்கூடோ? காலமை முட்டை எடுத்தனீரோ?" என்றார்.

வாசலே சிரித்தது. சம்பந்தியார் சிரித்த சிரிப்பில் வெற்றிலைச் சாறு வேட்டியில் வடிந்தது. என் வீட்டுக்காரரும் சிரித்தார். ஆனால் ஜீப்பின் பொனற்றில் வைத்த கையை அவர் எடுக்கவில்லை. நான் அந்தக் கையைப் பார்த்தேன். இன்றைக்கும் பார்க்கிறேன்.

அன்றோடு ஊர் முழுக்க அதுதான் பேர். நிலாவெளி பஸ்காரர்கூட "கோழிக்கூடு வருது, வழி விடு" என்பார்கள். என் வீட்டுக்காரர் ஒரு கிழமையில் அதை மறந்து செபமாலை பாஸோடு தேத்தண்ணி குடித்தார். நான் அவரோடு கதைக்கிறதை விட்டேன். வீட்டுக்காரர் இறந்தபோது செபமாலை பாஸ் வந்து முன்வரிசையில் இருந்து விம்மி விம்மி அழுதார். நான் அன்றும் கதைக்கவில்லை. அழுகை வேறு, அந்தச் சொல் வேறு.

வீட்டுக்காரர் போனபின் அந்த ஜீப்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரிய வைத்தது. கணேஸ் ஓட்டினார். இறக்கக்கண்டிக்கு அங்கால் கரைவலை வாடியில், மீன்காரர் கொட்டிலடியில், மீனை ஏற்றி, றோட்டில் நிற்கும் ஐஸ் லொறிக்குக் கொண்டுவந்து சேர்ப்பது வேலை. லொறி மணலில் இறங்காது. வலையை இழுத்துக் கரையில் கொட்டிய மீனோ வெய்யிலில் யாருக்காகவும் பொறுத்திருக்காது. ஒரு மாரிக்குப் பிறகு கடல் அந்தக் கரையையே மாற்றிப் போட்டது. இறுகிக் கிடந்த பாதையை அள்ளிக்கொண்டுபோய், மாவு போன்ற மணலைக் கொண்டுவந்து கொட்டிவிட்டது. எங்கள் ஜீப்பின் சின்னச் சில்லு அதில் புதைந்தது. ஒவ்வொரு முறையும் கரையில் உழவு ரக்ரர் ஓட்டுகிறவன்தான் சங்கிலி போட்டு இழுத்துவிட்டான். இழுக்கும்போது சும்மா இழுக்கமாட்டான். "அம்மா, உங்கட கோழிக்கூடு திரும்பவும் அடையில இருந்திட்டுது!" என்று கரை முழுக்கக் கேட்கக் கத்துவான்.

கரைவலைச் சொந்தக்காரரை நாங்கள் சம்மாட்டியார் என்போம், வலையில் மீன் சேரும் பையை மடி என்போம். நல்ல மனிதர், ஆனால் வியாபாரி. என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "தங்கச்சி, உங்கட அவருக்காகத்தான் இவ்வளவு நாளும் பொறுத்தனான். பெரிய மடி விழப்போற காலம் வந்திட்டுது. உங்கட ஜீப் சுமையோட தண்ணிக்கரைக்கு வந்து திரும்பிப் போகோணும். ஏலாதெண்டால் சீசன் முழுக்க ரக்ரருக்குத்தான்." கரையில் எங்களுக்கு இருந்தது அந்த ஓட்டம் ஒன்றுதான். அது போனால் ஜீப்பை விற்பதைத் தவிர வேறு வழியில்லை. வசந்தி அன்று குசினிக்குள் நின்று சட்டியைக் கழுவிய சத்தம் எனக்குக் கேட்டது. கழுவிய சட்டியையே திரும்பத் திரும்பக் கழுவினாள்.

கணேஸ் ரவுணில் ஒரு கடைக்குப் போய்ப் பெரிய ரயர் நாலு போட்டுக்கொண்டு வந்தார். அகலமும் கூட, உயரமும் கூட. மணலில் புதையாமல் மிதக்குமாம். கடைக்காரர் சீமெந்துத் தரையில் நிறுத்தி ஸ்ரேறிங்கை இந்த அந்தம் அந்த அந்தம் திருப்பிக் காட்டினாராம். எங்கேயும் உரசவில்லை, கடலுக்கும் போகலாம், கந்தளாய்க் குளத்துக்குள்ளும் இறங்கலாம் என்றாராம். ஜீப் வாசலில் வந்து நின்றபோது ஒரு சாண் வளர்ந்த பிள்ளை போலத்தான் இருந்தது. எனக்கும் சந்தோசம்.

எங்கள் பக்கத்தில் வண்டிக்குப் புதிதாக என்ன பூட்டினாலும் முதலில் கோயில். சில்லுக்குக் கீழே தேசிக்காய் வைத்து, வீட்டுச் சனம் முழுக்க ஏறி, கோயிலை ஒரு சுற்றுச் சுற்றிவர வேண்டும். ஆள் குறைந்தால் குறை. அதனால் வசந்தி, பிள்ளைகள், நான், பக்கத்து வீட்டுப் பெண்டுகள், அவர்களுடைய தாய்மார் என்று கம்பிவலைக்குள் நெருக்கிக்கொண்டு ஏறினோம். தேசிக்காய் நசிந்தது. தேர் நிறுத்துகிற தேர்முட்டி மூலையில் கணேஸ் ஸ்ரேறிங்கை முழுக்க ஒடித்துத் திருப்ப, முன்சில்லு ஒரு மேட்டில் ஏறியது. கர்ர்ர் என்று ஒரு சத்தம். பிறகு தகரம் கிழிகிற சத்தம். பெண்டுகள் எல்லாரும் "முருகா!" என்று ஒரே குரலில் கத்தினோம். மட்காட்டின் விளிம்பு புது ரயரின் தோளைச் சீவி எடுத்திருந்தது. கற்பூரத் தட்டோடு ஓடிவந்த ஐயர் குனிந்து பார்த்துவிட்டு, "பயப்படாதேங்கோ அம்மா, இது சகுனம் இல்லை, ரயர்தான்" என்றார்.

வசந்தி இறங்கி நின்று சொன்னாள்: "அம்மா, இனிச் செபமாலை பாஸிட்டைத்தான் போகோணும்."

"கோழிக்கூட்டைக் கோழிக்கூடெண்டு சொன்னவரிட்டையே கொண்டுபோறதோ?"

"வேற ஆரிட்டைப் போறது? நீங்களே சொல்லுங்கோ."

எனக்குத் தெரிந்த வேறு பேர் இல்லை. கணேஸை மட்டும் அனுப்பினால் அந்த மனிதர் இன்னொரு சொல்லை விடுவார், கணேஸ் சிரித்துக்கொண்டு வாங்கிக்கொண்டு வருவார். ஆகவே நானும் போனேன். விட்டால் உடனே திருப்பிக் கொடுக்க வாயில் ஒரு சொல்லை ஆயத்தமாக வைத்துக்கொண்டு போனேன்.

அவர் அந்தச் சொல்லை எடுக்கவேயில்லை. சீவுண்ட ரயரைப் பார்த்தார், மட்காட்டுக்குள் கையை விட்டுத் தடவினார், மணந்துகூடப் பார்த்தார். "ஆர் பூட்டினது?" என்றார். கணேஸ் சொன்னார். "எப்பிடிப் பாத்தவன்? வெறும் வண்டியைச் சீமெந்தில விட்டோ?" கணேஸ் ஓம் என்றார். செபமாலை பாஸ் என்னைப் பார்க்காமல், ஆனால் எனக்குக் கேட்கும்படி சொன்னார்: "வெறும் வண்டி பொய்தான் சொல்லும். சுமையேத்தி, மேடு பள்ளத்தில விட்டுக் கேக்கோணும். அப்பதான் உண்மை வரும்."

அவர் வாயில் வந்ததிலேயே எனக்கு மிகப் பிடித்த வசனம் அது. பிடித்தது என்று அவரிடம் நான் சொன்னதில்லை.

கராஜ் முற்றத்தில் அவர் முன் இடதுசில்லைத் தென்னங்குற்றி அடுக்கிய மேட்டில் ஏற்றினார். பின் வலதுசில்லை இன்னொரு மேட்டில் ஏற்றினார். ஜீப் முறுக்கிப் பிழிந்த துணி மாதிரி நின்றது. "இப்ப சுமை வேணும். மீன்பெட்டி நிறை. ஒழுங்கையில நிக்கிற எல்லாரையும் கூப்பிடுங்கோ" என்றார். அவருடைய மனைவி திரேசம்மா முதலில் ஏறினார். அந்த ஒழுங்கைப் பெண்டுகள் அடுப்பைத் தணித்துவிட்டு வந்து ஏறினார்கள். வசந்தி ஏறினாள். நான் மதிலோடு நின்றேன்.

"அக்கா, நீங்களும் ஏறுங்கோ. உங்களை விட்டால் நிறை காணாது."

"என்ர நிறையைப் பற்றி உமக்கென்ன கதை?"

அத்தனை வருசத்துக்குப் பிறகு நான் அவரோடு பேசிய முதல் வசனம் அதுதான். சொல்லிவிட்டு ஏறினேன். கம்பிவலையைப் பிடித்துக்கொண்டு சரிந்துபோய் இருந்த எங்களைக் கண்டு ஒழுங்கையால் போன சைக்கிள்காரன் "விலை என்ன அண்ணை, சேவலோ பேடோ?" என்று கேட்டுவிட்டுப் போனான். செபமாலை பாஸ் சிரிப்பை மீசைக்குள் ஒளித்ததை நான் கண்டேன்.

பிறகு என்னிடம் கையை நீட்டினார். "அக்கா, வெத்திலை போடுறனீங்கள்தானே. சுண்ணாம்பு கிடக்கோ?"

இடுப்பில் இருந்த சுண்ணாம்புப் பேணியைக் கொடுத்தேன். சேட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினார். விரலால் சுண்ணாம்பை அள்ளி ரயரின் தோள் முழுக்க, உள்விளிம்பு முழுக்கத் தடவினார். கணேஸை ஸ்ரேறிங்கில் இருத்தி ஒரு அந்தத்திலிருந்து மற்ற அந்தம் வரை மெதுவாகத் திருப்பச் சொன்னார். திருப்பியதும் கண்ணாடித் துண்டால் வெளிச்சத்தை உள்ளே அடித்துக் காட்டினார். ரயர் எங்கெங்கே முட்டியதோ அங்கெல்லாம் வெள்ளை ஒட்டியிருந்தது. மட்காட்டின் முன்விளிம்பில் ஒரு கோடு. பின்னால், கால் வைக்கிற தட்டுக்கு மேலே ஒரு திட்டு. உள்ளே, பாரம் தாங்கும் வில்லுத் தட்டில் ஒரு கீறல்.

"பாத்தீரோ தம்பி? கண்ணுக்குத் தெரியாததைச் சுண்ணாம்பு சொல்லும்."

"அப்ப மட்காட்டை அப்பிடியே பெருசா வெட்டிவிடுவம் பாஸ்" என்றார் கணேஸ்.

"வெட்டுறது லேசு. வெட்டின தகரத்தை வளர்க்க ஏலாது."

அப்படித்தான் அவர் வேலை செய்தார். முதலில் வில்லைத் தாங்கும் இரும்புத் துண்டுகளைக் கொஞ்சம் நீளமாக்கி ஜீப்பை உயர்த்தினார். கணேஸ் இன்னும் உயர்த்தச் சொன்னார். "ஒட்டகமோ வளர்க்கப் போறீர்? கரையில சரிவில திரும்பேக்குள்ள எல்லாரையும் கடலுக்குள்ள கொட்டும்" என்று மறுத்தார். உயர்த்தியதில் பிரேக் குழாய் இழுபட்டு நிற்கிறதா என்று பார்த்து நீளமானதை மாற்றினார். பள்ளத்தில் விழும்போது சில்லு அளவுக்கு மிஞ்சி மேலே ஏறாதபடி அச்சுக்கு மேலே தடித்த ரப்பர்க்கட்டை வைத்தார். மட்காட் விளிம்பைச் சுத்தியலால் உள்ளே மடித்தார். மடிக்க முடியாத இடத்தில் மட்டும் சுண்ணாம்புக் கோட்டோடு வெட்டினார். உள்ளே வில்லோடு உரசியதற்கு, ஸ்ரேறிங் முழுக்க ஒடியாமல் நிறுத்துகிற ஆணியைக் கொஞ்சம் வெளியே எடுத்தார். "இனி வண்டி கொஞ்சம் அகலமாத்தான் திரும்பும். பெரிய சில்லு வேணுமெண்டால் பெரிய வட்டமும் வேணும்" என்றார். ஒவ்வொன்றையும் செய்தபின் பெண்டுகள் ஏறவேண்டும். திரும்பவும் சுண்ணாம்பு. திரும்பவும் கண்ணாடித் துண்டு.

கடைசியில் ஒரு இடம் மிஞ்சியது. மட்காட்டின் பின்மூலையில், நகம் பட்டது போல ஒரு வெள்ளை. மறுநாள் விடிய வலை. சம்மாட்டியார் ஆள் அனுப்பிவிட்டார், பெரிய மடி கிடக்கிறது, ஜீப் வருமா வராதா என்று. கணேஸ் சாவியை எடுத்தார். "பாஸ், இது போதும். நான் கொண்டுபோறன்." செபமாலை பாஸ் பொனற்றுக்கு முன்னால் நின்று மறித்தார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "நாளைக்கு வலை. உங்கட வடிவு பாக்கிறதுக்கு எங்கட சீவியம் காத்துக்கொண்டு நிக்க ஏலாது. வழியை விடுங்கோ" என்று கத்தினேன்.

அவர் கத்தவில்லை. "இஞ்சை வாங்கோ அக்கா. கையை விடுங்கோ. நீங்களே தொட்டுப்போட்டுச் சொல்லுங்கோ, போகலாமோ எண்டு. நீங்கள் போகலாமெண்டால் நான் விடுறன்."

குனிந்து உள்ளே கையை விட்டேன். தகரத்தின் மூலை விரலில் பட்டது. கத்தி நுனிதான் அது. விரலை எடுத்துப் பார்த்தேன். என் சுண்ணாம்பு என் விரலில். தேர்முட்டியில் கேட்ட சத்தம் திரும்பக் கேட்டது போல இருந்தது. இந்த முறை அது கோயிலடியில் கேட்காது, மீன் ஏற்றிய ஜீப்போடு, ரக்ரர்காரனுக்கு முன்னால், சம்மாட்டியாருக்கு முன்னால் கேட்கும்.

"செய்யுங்கோ" என்றேன்.

பொழுதுபடுவதற்குள் செய்து முடித்தார். பெண்டுகள் கடைசியாக ஏறினார்கள். சுண்ணாம்பு தடவி, இந்த அந்தம் அந்த அந்தம் திருப்பி, கண்ணாடித் துண்டால் பார்த்தார். பிறகு அதை என் கையில் தந்தார். நானும் பார்த்தேன். உள்ளே எங்கேயும் வெள்ளை இல்லை.

மறுநாள் அவரும் கரைக்கு வந்தார். யாரும் கூப்பிடவில்லை. தன் வேலையைத் தானே பார்க்காமல் விடுவாரா? வெள்ளைச் சேட்டு, கையில் செருப்பு. மடி கரையேறியது. பெட்டி பெட்டியாக ஜீப்பில் அடுக்கினார்கள். நான் முன்சீற்றில் இருந்தேன். தண்ணிக்கரையில் அலை அரித்த பள்ளம் ஒன்று, பக்கத்தில் மணல் முதுகு. அதில்தான் திரும்ப வேண்டும். கணேஸ் ஒடித்தார். ஒரு சில்லு மேலே ஏற, ஒரு சில்லு கீழே இறங்க, ஜீப் முறுகியது. நான் காதைச் சில்லுக்குள் வைத்தது போல இருந்தேன். மணல் அரைபடுகிற சத்தம் மட்டும்தான். ஜீப் மிதந்துகொண்டு மேலே ஏறியது. சம்மாட்டியார் கையைத் தூக்கி, "அடுத்த மடியும் உங்களுக்குத்தான் தங்கச்சி, கெதியா வாங்கோ!" என்றார்.

ரக்ரர்காரனுக்கு அது பொறுக்கவில்லை. "கோழிக்கூடு பறக்கப் பழகிட்டுதோ?" என்றான். செபமாலை பாஸ் அவனுக்கு முன்னால் போய் நின்றார். நான் நினைத்தேன், இன்றைக்கு அந்தச் சொல்லைத் திருப்பி எடுக்கப்போகிறார் என்று. அவர் சொன்னது இதுதான்: "ஓம், கோழிக்கூடுதான். நான் பேர் வைச்ச கூடு, நான் தூக்கி நிறுத்தின கூடு. உன்ர ரக்ரரைக் கொண்டு அந்தப் பள்ளத்துக்க இறக்கித் திருப்பு பாப்பம்." அவன் இறக்கவில்லை.

திரும்பி வரும் வழியில் நான் நேரே கேட்டேன். "எல்லாம் செய்தனீங்கள். அந்தச் சொல்லை மட்டும் ஏன் திருப்பி எடுக்கேல்ல?"

"அக்கா, கலியாணத்தண்டு அது கோழிக்கூடு மாதிரித்தான் இருந்தது. பொய் சொல்லச் சொல்லுறியளோ?"

"அந்த மனிசன் தன்ர கையால செய்தது அது."

அவர் வெளியே கடலைப் பார்த்துக்கொண்டு வந்தார். எனக்கு மேலும் கோபம் வந்தது. "இருங்கோ, ஒருநாளைக்கு உங்களையும் அந்தக் கம்பிக்குள்ள ஏத்திக்கொண்டு போறன்" என்றேன். அதற்கு மட்டும் சிரித்துக்கொண்டு திரும்பினார். "ஏத்துங்கோ. ஆனா முழுச்சுமையோட ஏத்துங்கோ. வெறுமையா ஏத்தினால் எனக்கு மரியாதை இல்லை."

ஒன்றை மட்டும் கவனித்தேன், அதையும் எழுதத்தான் வேண்டும். அந்த ஜீப்பில் அவர் எவ்வளவோ மாற்றினார். ரயர் பெரிதாகி ஸ்பெயார் சில்லுப் பழைய இடத்தில் கொள்ளவில்லை என்று அதைக் கூரைக்கு ஏற்றினார். வேக மீட்டர் இனிக் குறைத்துத்தான் காட்டும் என்று கணேஸுக்கு எச்சரிக்கை சொன்னார்: "பொலிஸ் உம்மட மீட்டரை நம்பாது தம்பி." ஆனால் என் வீட்டுக்காரர் அடித்த கம்பிவலையில் ஒரு கம்பியையும் அவர் தொடவில்லை. கழற்றிவிட்டுப் புதுக் கன்வஸ் போடுவோமா என்று கணேஸ் கேட்டபோது, "அது கிடக்கட்டும். அதில பிழை இல்லை" என்றாராம். என்னிடம் அதை அவர் சொன்னதில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு சீசனுக்கு முன்னும் ஜீப் அவரிடம் போகும். வில்லு தாழ்ந்திருக்கும், ரப்பர்க்கட்டை தேய்ந்திருக்கும், திரும்பவும் பார்க்கவேண்டும் என்பார். "பாஸ் சுமை கேட்டார்" என்று சொல்லி அனுப்பினால் ஒழுங்கைப் பெண்டுகள் முறுக்கும் கதையுமாக வந்து ஏறிவிடுவார்கள். அந்த ஒழுங்கையில் எத்தனை கலியாணம் அந்தக் கம்பிவலைக்குள் பேசி முடிந்தது தெரியுமா? அவர் கீழே படுத்திருந்து, "மேல கதையைக் குறையுங்கோ, வண்டி ஆடுது" என்று கத்துவார். நானும் ஏறுவேன். சுண்ணாம்பு நான்தான் கொடுப்பேன். ஜீப்பைப் பற்றி மட்டும் கதைப்போம். அதற்கு மேல் ஒரு வார்த்தை நானும் கதைக்கவில்லை, அவரும் கேட்கவில்லை.

அடக்கத்தன்று மழை. வேதக் கோயிலில் பூசை முடிந்து, புதைக்கிற சேமக்காலைக்குப் போகும் ஒழுங்கை முழுக்கச் சேறு. பூப்போட்ட அந்த நீளப் பிரேதக் கார், பெட்டியோடு பாதியில் நின்றுவிட்டது. சாரதி இறங்கிப் பார்த்து, "இதுக்கு மேல ஏலாது. இறங்கினால் வயிறு தட்டும்" என்றான். பிள்ளைகள் தோளில் தூக்கலாம் என்றார்கள். கால் வைத்த இடமெல்லாம் முழங்கால் வரை போனது. திரேசம்மா குடைக்குள் நின்று என்னைப் பார்த்தார்.

நான் கணேஸுக்குச் சொன்னேன். ஜீப் பின்பக்கமாக வந்து நின்றது. பெட்டியைக் கம்பிவலைக்குள் ஏற்றினார்கள். இரண்டு மகன்மாரும் பக்கத்தில் ஏறினார்கள். காணாது என்றேன். "சுமை வேணும். முழுச்சுமை. ஏறுங்கோடி!" என்று ஒழுங்கைப் பெண்டுகளைக் கூப்பிட்டேன். பூசை வைத்த சுவாமியார் ஒன்றும் விளங்காமல் பார்த்தார். பெண்டுகளுக்கு விளங்கியது. வெள்ளைச் சேலையோடு, சேற்றுக் காலோடு, ஒவ்வொருத்தியும் தன் தன் பழைய இடத்தில் ஏறி இருந்தாள். திரேசம்மா முதலில், நான் கடைசியில்.

சேமக்காலை வாசலில் ஒரு முடக்கு. ஒரு பக்கம் மதில் அத்திவாரத்து மேடு, மறுபக்கம் தண்ணீர் நின்ற பள்ளக் கிடங்கு. இவ்வளவு பேரோடு, பெட்டியோடு, அந்த இடத்தில் முழுக்க ஒடித்துத்தான் திரும்ப வேண்டும். கணேஸ் ஒரு கணம் நிறுத்தினார். பின்னால் நடந்து வந்தவர்களில் வண்டிக்காரர் நிறையப் பேர். அவரிடம் தொழில் பார்த்தவர்கள், அவரிடம் ஏச்சு வாங்கியவர்கள். அவர்கள் படித்துவந்த செபப் பாட்டு நின்றுவிட்டது. யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. சில்லு உரசுகிற சத்தம் வருமோ என்று எல்லாரும் காதைக் கொடுத்திருந்தோம்.

முன்சில்லு மேட்டில் ஏறியது. பின்சில்லு கிடங்கில் இறங்கியது. ஜீப் பிழிந்த துணி மாதிரி முறுகியது. ஸ்ரேறிங் அந்தம் வரை போய் நின்றது.

கம்பியில் மழை விழுகிற சத்தம். வேறு ஒன்றும் இல்லை.

திரேசம்மா பெட்டியின் மேலே கையை வைத்து, "கேட்டனீங்களோப்பா?" என்றார்.

இனி நான் வைத்திருப்பதைச் சொல்லவேண்டும். அந்தச் சொல்லை வைத்திருக்கிறேன். ஆள் செத்தார் என்பதற்காக அதை விட்டுக்கொடுக்கிற ஆள் நான் இல்லை, விட்டால் அவருக்கே என்னில் மரியாதை இருக்காது. அவர் தொடாமல் விட்ட கம்பிவலையை வைத்திருக்கிறேன். சுமையேற்றிக் கேட்கிற காது ஒன்று எனக்கும் வந்திருக்கிறது, அது அவர் தந்தது. சீசன் வருகிறது. பாஸ் இல்லையே, இந்த முறை யார் பார்ப்பது என்று கணேஸ் கேட்டார். ஒழுங்கைப் பெண்டுகளுக்குச் சொல்லி அனுப்பிவிட்டேன். தென்னங்குற்றி அவருடைய முற்றத்திலேயே அடுக்கியபடி கிடக்கிறது. கண்ணாடித் துண்டைத் திரேசம்மா துடைத்து வைத்திருக்கிறார். சுண்ணாம்பு என்னிடம் இருக்கிறது.